மரமட்டத்தில் மூன்று நொடி

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரின் போர் விமானி என்றதும், வானத்தில் ஒருவரை ஒருவர் துரத்திச் சுடும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்க 8ஆவது வான்படையின் பெயர்பெற்ற விமானிகள் பலரை ஜெர்மானியர் வானத்தில் வெல்லவில்லை. தரையில் நிறுத்தி வைத்த விமானங்களைச் சுடத் தாழ இறங்கியபோதுதான் அவர்கள் வீழ்ந்தார்கள். வால்டர் பெக்கம், டுவேன் பீசன், ஜேம்ஸ் குட்சன், கிளென் டங்கன், ஃபிரான்சிஸ் கப்ரெஸ்கி, ஜான் காட்ஃப்ரே ஆகிய ஆறு பேருமே 1944 பிப்ரவரி கடைசிக்கும் ஆகஸ்டு கடைசிக்கும் இடைப்பட்ட ஆறு மாதத்தில் இந்த வேலையில் விமானத்தை இழந்தவர்கள். எதிர்த்துப் பறக்க முடியாத இலக்கைச் சுடுவது ஏன் இவ்வளவு ஆபத்தானது, அதை எப்படிச் செய்தார்கள், எங்கே தவறியது என்பதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

முதலில் பின்னணி. 1943 முடியும்வரை அமெரிக்கப் போர் விமானங்களின் முதல் கடமை, குண்டுவீச்சு விமானங்களை விட்டு விலகாமல் காவல் போவது. 1944 ஜனவரியில் ஜெனரல் ஜேம்ஸ் டூலிட்டில் 8ஆவது வான்படையின் பொறுப்பை ஏற்றார். ஜெர்மன் விமானம் எங்கே இருந்தாலும் தேடிப் போய் அழியுங்கள் என்று முறையை மாற்றினார். போர் விமானப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஜெனரல் வில்லியம் கெப்னர் நெடுநாளாக எதிர்பார்த்திருந்ததும் அதுதான். வானத்தில் வர மறுக்கும் எதிரியை அவன் வீட்டு வாசலிலேயே அடிப்பது அதன் அடுத்த படி. கூடவே இன்னொரு முடிவும் எடுத்தார்கள்: தரையில் அழித்த விமானத்துக்கும் வானத்தில் வீழ்த்திய விமானத்துக்கும் ஒரே மதிப்பெண். 8ஆவது வான்படையின் இந்தக் கணக்குமுறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதில் நியாயமும் இருந்தது, தூண்டிலும் இருந்தது.

இங்கிலாந்திலிருந்து ஜெர்மனியின் உட்பகுதிவரை போய்த் திரும்ப எரிபொருள் வேண்டும். இறக்கையின் கீழ் தொங்கவிடும் வெளித்தொட்டிகள் அதைக் கொடுத்தன. பிரிட்டனில் பதப்படுத்திய காகிதத்தால் செய்த 108 காலன் தொட்டி, ஏறத்தாழ 410 லிட்டர் கொள்ளும். காவல் வேலை முடிந்து திரும்பும் வழியில் துப்பாக்கியில் தோட்டா மிச்சமிருந்தால், எதிரில் தென்படும் விமானத்தளத்தைத் தாக்க அனுமதி. தொடக்கத்தில் அவரவர் தோன்றியபடி இறங்கினார்கள். 1944 மார்ச்சில் இதை முறைப்படுத்த, 353ஆவது குரூப்பின் (குரூப் என்பது சேர்ந்து பறக்கும் ஒரு போர் விமான அணி) கிளென் டங்கன் தலைமையில் சில குரூப்புகளிலிருந்து விமானிகளைச் சேர்த்து ஒரு சோதனைப் பிரிவு அமைத்தார்கள். கெப்னரின் செல்லப் பெயரை வைத்து 'பில்ஸ் பஸ் பாய்ஸ்' என்று அதற்குப் பெயர். தாழப் பறந்து பழகி, உண்மையான தளங்களைத் தாக்கி, எது பலிக்கிறது எது பலிக்கவில்லை என்று பார்த்து, ஏப்ரலில் கலைந்தார்கள். அவர்கள் கற்றது மற்ற குரூப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பாடத்தின் முதல் விதி, தளத்தைக் கண்டவுடன் இறங்காதே என்பது. உயரத்தில் பறக்கும்போது கீழே விமானங்கள் தென்பட்டால், கவனிக்காதது போலவே கடந்து போக வேண்டும். போகும்போதே தளத்துக்கு நேர்கோட்டில் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: ஆற்றின் வளைவு, ரயில் பாதை, தேவாலயக் கோபுரம் என்று தாழ்விலிருந்தும் கண்ணில் படக்கூடியது. பல கிலோமீட்டர் தள்ளிப்போய், தளத்தின் கண்ணில் படாத இடத்தில் இறங்கித் திரும்ப வேண்டும். இறக்கமும் செங்குத்தாக இருக்கக் கூடாது. பி-47 போன்ற கனத்த விமானம் ஒன்பதாயிரம் மீட்டரிலிருந்து மூக்கைக் குத்தி இறங்கினால், காற்று இறக்கைமேல் ஒலிவேகத்தை நெருங்கும்போது கட்டுப்பாட்டுக் கோல் கல்லாக இறுகிவிடும். இன்னொரு தொல்லை, கடுங்குளிரிலிருந்து ஈரக்காற்றுக்குள் வேகமாக வருவதால் முன்கண்ணாடியில் படியும் பனிப்படலம். அது விலகாமல் மரமட்டத்தில் பறப்பது தற்கொலை. ஆகவே சாய்வாக, நிதானமாக, கண்ணாடி தெளிய அவகாசம் கொடுத்து இறங்கினார்கள்.

கடைசி எட்டு கிலோமீட்டர் மரமட்டம். வேகம் மணிக்கு 640 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 178 மீட்டர். எட்டு கிலோமீட்டரைக் கடக்க 45 நொடி போதும். இந்த ஓட்டத்தில் திசை மூன்று பாகை பிசகினால், போய்ச் சேரும்போது 400 மீட்டர் தள்ளி இருப்பீர்கள். இலக்கு உங்கள் பக்கவாட்டில் நிற்கும். அப்போது திருத்திக்கொள்ளச் சாய்ந்து திரும்பினால், துப்பாக்கிக்காரர்களுக்கு விமானத்தின் முழு வயிற்றையும் காட்டியதாகும். திசை தவறியவர் சுடாமல் நேரே போய்விட வேண்டும் என்பதுதான் விதி. கேட்க எளிது, கண்ணெதிரே வரிசையாக விமானங்கள் நிற்கும்போது கடைப்பிடிப்பது கடினம்.

வடிவம் ஒரே வரிசை, பக்கம் பக்கமாக. ஒருவர் பின் ஒருவராகப் போனால் முதல் விமானம் தளத்தை எழுப்பிவிடும், இரண்டாவதைக் குறிபார்த்துச் சுடுவார்கள், மூன்றாவதும் நான்காவதும் தயாராகக் காத்திருக்கும் குண்டுமழைக்குள் நுழையும். நான்கு விமானங்கள் பக்கவாட்டில் இடைவெளி விட்டுச் சேர்ந்தே வந்தால், எதிரி எந்த ஒன்றைச் சுடுவது என்று முடிவு செய்வதற்குள் நான்கும் கடந்துவிடும். ஒவ்வொருவரும் தமக்கு நேர் எதிரே உள்ளதை மட்டுமே சுட வேண்டும். பக்கத்து இலக்குக்கு ஆசைப்பட்டு மூக்கைத் திருப்பினால் தோழனின் பாதையில் குறுக்கிட நேரும். தரையில் பட்டுத் தெறிக்கும் தோட்டாக்களும் அவன்மேல் பாயும்.

இனி சுடும் கணக்கு. எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான், ஆகவே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். துப்பாக்கிகள் இறக்கையில் பதிந்திருக்கின்றன, விமானம் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் சுடும். தரையில் இருப்பதைச் சுட மூக்கு தாழ வேண்டும். தரையோடு ஒட்டி வரும் விமானி மூக்கைத் தாழ்த்தினால் தரைக்குள்தான் போவார். அதனால் தளத்தின் எல்லையில் சற்றே எழும்பி, எழுபது மீட்டர் உயரத்திலிருந்து ஐந்து பாகைச் சரிவில் இறங்க வேண்டும். அப்போது இலக்கு 800 மீட்டர் முன்னால் இருக்கும். சுடத் தொடங்கி 300 மீட்டரில் நிறுத்தினால் இடையில் ஓடும் தூரம் 500 மீட்டர், நேரம் மூன்று நொடிக்கும் சற்றுக் குறைவு. நிறுத்தும் கணத்தில் உயரம் 26 மீட்டர். ஐந்து பாகைச் சரிவில் விமானம் நொடிக்கு 15 மீட்டருக்கு மேல் கீழிறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு நொடி தாமதித்தால் மிச்சம் 10 மீட்டர். இன்னொரு நொடி கிடையாது.

அதோடு, கோலை இழுத்ததும் விமானம் உடனே எழும்பிவிடாது. மூக்கு முதலில் உயரும். ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ள உடல் பழைய திசையிலேயே இன்னும் சற்று அமிழும். இலக்கையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த விமானி அந்த அமிழ்வுக்கு இடம் விடுவதில்லை. குறிக்கண்ணாடியில் எதிரி விமானம் பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்த்து, அதிலேயே மனம் ஒட்டிக்கொண்டு, இலக்கின்மீதே மோதியவர்கள் உண்டு. மோதாமல் தப்பியவர்கள், தாங்கள் சுட்ட விமானம் வெடித்துச் சிதறிய துண்டுகளுக்குள் பறந்து அடிபட்டதும் உண்டு.

துப்பாக்கியைப் பார்ப்போம். பி-51டி மஸ்டாங்கில் அரை அங்குல பிரவுனிங் ஆறு. உட்பக்கத்து இரண்டுக்கும் தலா 400 தோட்டா, மற்ற நான்குக்கும் தலா 270, மொத்தம் 1880. ஒரு துப்பாக்கி நொடிக்கு ஏறத்தாழ 13 தோட்டா சுடும். ஆறும் சேர்ந்தால் மூன்று நொடிப் பாய்ச்சலில் 220, 230 போகும். வெளிப்பக்கத் துப்பாக்கிகள் இருபது நொடியில் காலி. பி-47 தண்டர்போல்ட்டில் எட்டு துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் 425 வரை ஏற்றலாம். அரை நிமிடத்துக்கு மேல் தாங்கும். இறக்கைகளில் அகன்று நிற்கும் துப்பாக்கிகளின் சுடுகோடுகள் ஏறத்தாழ 275 மீட்டரில் சந்திக்கும்படி திருகி வைப்பார்கள். அந்தத் தூரத்தில்தான் அடி ஒரே இடத்தில் குவியும். 800 மீட்டரில் சுடத் தொடங்குவது பெரும்பாலும் எதிரியின் தலையைக் குனியவைக்கவும், தூசி கிளம்பும் இடத்தைப் பார்த்துக் குறியைத் திருத்தவும்தான். விமானத்தை எரிக்கும் அடி கடைசி ஒரு நொடியில்தான் விழுகிறது. உயிர் போவதும் அந்த நொடியில்தான்.

துப்பாக்கி சிக்கிக்கொள்வது தனித் தொல்லை. முந்தைய பி-51பி விமானத்தின் இறக்கை மெல்லியது. அதற்குள் அடங்கத் துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தோட்டாப் பட்டை வளைந்து முறுகித்தான் உள்ளே போகும். இழுத்துத் திரும்பும்போது பட்டையின் எடை பலமடங்காகி, துப்பாக்கியால் அதை இழுக்க முடியாமல் நின்றுவிடும். களத்திலிருந்த ஆயுத மெக்கானிக்குகள் பி-26 குண்டுவீச்சு விமானத்திலிருந்து பட்டையைத் தள்ளும் மின்மோட்டார்களைக் கொண்டுவந்து பொருத்தித் தீர்த்தார்கள். இந்தப் போரில் பேர் தெரியாமல் போனவர்களில் இந்த மெக்கானிக்குகளுக்கு முதல் மரியாதை தர வேண்டும் என்பது என் எண்ணம்.

எதிர்ப்பக்கம் என்ன இருந்தது? ஜெர்மன் தளங்களைச் சுற்றி 20 மில்லிமீட்டர், 37 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள். நான்கு குழல்களை ஒரே பீடத்தில் பூட்டிய 20 மில்லிமீட்டர் வகையைத்தான் விமானிகள் மிகவும் அஞ்சினார்கள். நடைமுறையில் நிமிடத்துக்கு 800 குண்டு சுடும். இதற்கெதிரே விமானியின் ஒரே கவசம் கோண வேகம். நூறு மீட்டர் பக்கவாட்டில் மேற்சொன்ன வேகத்தில் கடக்கும் விமானத்தைத் தொடர, துப்பாக்கிக்காரர் நொடிக்கு நூறு பாகை சுழல வேண்டும். முடியாது. அதே விமானம் ஆயிரம் மீட்டர் தள்ளி இருந்தால் நொடிக்குப் பத்து பாகை போதும், நன்றாகவே முடியும். அதனால்தான் இரண்டாவது பெரிய விதி: சுட்டு முடித்தவுடன் மேலே ஏறாதே. ஏறினால் வேகம் குறையும், வயிறு தெரியும், பின்னாலிருந்து சுடுபவருக்கு விமானம் வானத்தில் நிற்பது போலத் தெரியும். தளத்தைக் கடந்து ஓரிரு கிலோமீட்டர் தரையோடு ஒட்டிப் போய், சுக்கானை மிதித்து விமானத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டுக் குறியைக் கெடுத்து, பிறகுதான் எழும்ப வேண்டும்.

இத்தனையும் முதல் பாய்ச்சலுக்கு. முதல் பாய்ச்சலில் துப்பாக்கிக்காரர் பலர் தம் இடத்திலேயே இருக்க மாட்டார்கள். இரண்டாவதற்குத் திரும்பி வரும்போது எல்லோரும் இடத்தில் இருப்பார்கள், எந்தத் திசையிலிருந்து வருவீர்கள் என்பதும் தெரிந்திருக்கும். விமானங்களை நிறுத்தும் மண்மதில் அறைகள் மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் மட்டும் திறந்தவை. உள்ளே நிற்பதைச் சுட அந்த ஒரு திசையில்தான் வர முடியும். துப்பாக்கிகளை அதைக் காக்கும்படியே நட்டிருப்பார்கள். சில இடங்களில் பொய் விமானங்களை நிறுத்தி, சுற்றிலும் துப்பாக்கி வைத்துக் காத்திருந்தார்கள்.

1944 ஜூலை 20, கோப்லென்ஸ் அருகே பாஸன்ஹைம் தளம். வானத்தில் 28 விமானங்களை வீழ்த்தியிருந்த கப்ரெஸ்கி, ஐரோப்பாவில் அமெரிக்காவின் முதல் நிலை வீரர். ஊர் திரும்பப் புறப்பட வேண்டியவர், கடைசியாக ஒருமுறை என்று பறந்தார். ஒரு ஹைன்கல் 111 விமானத்தை முதல் பாய்ச்சலில் சுட்டது அவருக்குத் திருப்தி தரவில்லை. மறுபடி வந்தார். மிகத் தாழ வந்தவர் குறிக்காக மூக்கைத் தாழ்த்தினார். பி-47இன் நான்கு மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் தரையைத் தொட்டு வளைந்தது. வயிற்றில் தரையிறங்கி, ஐந்து நாள் ஒளிந்து திரிந்து பிடிபட்டார். சற்றுமுன் சொன்ன கோணக் கணக்கு அப்படியே நடந்தது. முறையை வகுத்துக் கொடுத்த டங்கனும் அதே ஜூலை 7ஆம் தேதி வெசன்டார்ஃப் தளத்தைத் தாக்கும்போது அடிபட்டு இறங்கினார். நெதர்லாந்தின் தலைமறைவு இயக்கத்தோடு சேர்ந்திருந்து 1945 ஏப்ரலில்தான் திரும்பினார்.

எந்த விமானம் இதற்கு ஏற்றது என்று கேட்டால் தயங்காமல் பி-47 என்பேன். அதன் 18 சிலிண்டர் இஞ்சின் காற்றால் குளிர்வது. சிலிண்டர்கள் உடைந்தும் ஓடி வீடு வந்து சேர்ந்தவை பல. மஸ்டாங்கின் இஞ்சின் திரவத்தால் குளிர்வது. ரேடியேட்டர் விமானியின் பின்னால் வயிற்றில் இருக்கிறது, குழாய்கள் உடல் நெடுக ஓடுகின்றன. அதில் ஒரு துப்பாக்கித் தோட்டா போதும். வெண்புகை கிளம்பி, சில நிமிடத்தில் இஞ்சின் இறுகிவிடும். மரமட்டத்தில் அடிபட்டவருக்குக் குதிக்க உயரம் கிடையாது. உள்ள வேகத்தை உடனே உயரமாக மாற்ற வேண்டும். மணிக்கு 640 கிலோமீட்டர் வேகத்தோடு இழுத்தால் ஆயிரம் மீட்டரளவு கிடைக்கும். தயங்கி ஒரு நிமிடம் நேரே பறந்தால் அந்த வாய்ப்பும் போகும். பிரிட்டிஷார் இதை முன்பே விலைகொடுத்துக் கற்றிருந்தார்கள். 1942 ஜூலை 15 அன்று பேடி ஃபினுகேனின் ஸ்பிட்ஃபயர் ரேடியேட்டரில் பிரெஞ்சுக் கடற்கரையிலிருந்து சுட்ட இயந்திரத் துப்பாக்கித் தோட்டா பட்டது; ஆங்கிலக் கால்வாய்க் கடலில் இறங்க முயன்று மூழ்கிப்போனார். ஆனாலும் தூரம் போக மஸ்டாங்கால்தான் முடிந்தது. அதனால் 8ஆவது வான்படையின் குரூப்புகள், ஒன்றைத் தவிர, எல்லாம் அதற்கே மாறின.

எதிரியும் இதே வேலையைச் செய்து பார்த்தான். 1945 ஜனவரி 1 காலை, ஏறத்தாழ 900 ஜெர்மன் விமானங்கள் பெல்ஜியம், நெதர்லாந்துத் தளங்கள்மீது தாழப் பறந்து வந்தன. ஐந்தோவன் போன்ற சில தளங்களில் பெருஞ்சேதம். ரகசியம் காக்க வேண்டும் என்பதால் தங்கள் துப்பாக்கிப் படைக்கே சரியாகச் சொல்லவில்லை, அவர்களும் சுட்டார்கள். பல விமானிகள் புதியவர்கள். தளத்தின்மேல் வட்டமிட்டு மீண்டும் மீண்டும் வந்தார்கள். ஏறத்தாழ 300 விமானம் போயிற்று, 200க்கு மேற்பட்ட விமானிகள் இறந்தோ பிடிபட்டோ போனார்கள். நேசநாட்டினர் இழந்ததும் நூற்றுக்கணக்கில், ஆனால் அவை ஆளில்லாமல் நின்ற விமானங்கள். சில வாரத்தில் புதியவை வந்துவிட்டன. தளத்தாக்குதல் இயந்திரத்தை அழிக்கிறது, விமானியை அழிப்பதில்லை. தாக்குபவர் இழந்தாலோ இரண்டையும் சேர்த்து இழக்கிறார். இந்தக் கொடுக்கல் வாங்கல், புதிய விமானத்தையும் பயிற்சி பெற்ற ஆளையும் தடையின்றித் தரக்கூடிய நாட்டுக்கு மட்டுமே கட்டுபடியாகும்.

1945 வசந்தத்தில் வேறொரு சிக்கல் வந்தது. எண்ணெய் ஆலைகள் அழிந்ததால் ஜெர்மன் விமானங்கள் தொட்டி காலியாகக் காட்டோரத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் நின்றன. காலித் தொட்டி எளிதில் எரியாது. எரியாவிட்டால் அழிந்தது என்று கணக்கில் ஏற்க மாட்டார்கள். விசையை அழுத்தும்போது ஓடும் கேமராப் படத்தில் தீ தெரிய வேண்டும். அதனால் ஒன்றையே மறுபடி மறுபடி சுடப் போனார்கள். ஏப்ரல் 13 அன்று 56ஆவது குரூப்பின் பி-47கள் எகபெக் தளத்தில், தீமருந்து அதிகம் அடைத்த டி-48 என்ற புதுத் தோட்டாவோடு இறங்கின. முதலில் சில விமானங்கள் மட்டும் போய் எதிர்ப்பு எப்படி என்று பார்த்தன; துப்பாக்கிகளை அடக்கினார்கள்; ஒரு பகுதி மேலே காவல் நின்றது; பிறகு முறைவைத்து இறங்கி 95 விமானங்களை அழித்ததாகக் கணக்குக் கொடுத்தார்கள். இழந்தது ஒரு விமானியை. பல பாய்ச்சல் கூடாது என்ற விதிக்கு இது விலக்கா என்றால், இல்லை. துப்பாக்கிகளை முதலில் வாயடைத்த இடத்தில் மட்டுமே அந்த விதி தளரும்.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 16 அன்று, 8ஆவது வான்படையின் போர் விமானங்கள் ஒரே நாளில் 700க்கு மேற்பட்ட விமானங்களைத் தரையில் அழித்ததாகக் கூறின. 30க்கு மேற்பட்டவற்றை இழந்தன. மறுநாள், 55ஆவது குரூப்பின் தலைவர் எல்வின் ரிகெட்டி, டிரெஸ்டன் அருகே ஒரு தளத்தில் அடிபட்டு வயிற்றில் இறங்கினார். அன்று ஒன்பது விமானங்களை எரித்ததாகவும், தாம் நலமாக இருப்பதாகவும் வானொலியில் சொன்னார். அதன்பின் அவரை யாரும் காணவில்லை. போர் முடிய மூன்று வாரம் இருந்தது.

ரிகெட்டியின் கணக்கில் தரையில் அழித்தவை 27. வானத்தில் ஏழரை. போருக்குப்பின் அமெரிக்க வான்படை வெளியிட்ட அதிகாரபூர்வப் பட்டியலில் வானத்தில் வீழ்த்தியதற்கு மட்டுமே இடம். தரைக்கணக்கை உறுதி செய்வது கடினம், ஒரே விமானத்தை இரண்டு பேர் எண்ணியிருக்கலாம், முன்பே பழுதாகி நின்றதையும் எண்ணியிருக்கலாம் என்பது காரணம். அந்தக் காரணம் சரிதான். ஒரே மதிப்பெண் என்ற வாக்குறுதி பலரை இரண்டாவது பாய்ச்சலுக்கு இழுத்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் 20 மில்லிமீட்டர் துப்பாக்கிகளுக்கு நடுவே எழுபது மீட்டரில் இறங்கிய அந்த மூன்று நொடிக்குப் பட்டியலில் ஒரு தனிப் பத்தியாவது கொடுத்திருக்க வேண்டும். வானக் கணக்கோடு கலக்காமல், பக்கத்தில், தளத்தின் பெயரும் தேதியும் போட்டு.

வணக்கம்.